வாங்காத வானுக்குத் தேசிக்காய்

எங்கள் குடும்பத்தில் வாகனத்தைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அதிலும் ஆகக் குறைவாகத் தெரிந்தவள் நான்தான். இன்றைக்கு இதை இவ்வளவு இலேசாக எழுதிவிட்டேன். அன்றைக்கு யாராவது என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் அவரோடு ஒரு கிழமை கதைத்திருக்க மாட்டேன். ஏனென்றால் அப்போது நான் இரண்டு மாதமாகக் கைப்பேசியில் வாகன விளம்பரம் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் விழுந்து படித்தால் எந்தச் சோதனையிலும் சித்தியடையலாம் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. நானும் சித்தியடைந்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

வான் தேவைப்பட்டது மாமிக்காக. மாமி என்றால் என் கணவர் ரவியின் தாயார். வெள்ளவத்தை ஃபிளாட்டில் எங்களோடு இருக்கிறார். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்த பிறகு ஒரு நாள் காலி வீதியில் ஆட்டோவில் ஏறப் போனவர், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று அப்படியே நின்றுவிட்டார். உள்ளே போகவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. பின்னால் பஸ் விடாமல் ஹோர்ன் அடிக்கிறது. சாறிக்கடைப் பிள்ளைகள் வாசலுக்கு வந்து பார்க்கிறார்கள். கடைசியில் ஆட்டோக்காரரும் நானும் சேர்ந்து தள்ளித்தான் ஏற்றினோம். அதன் பிறகு எங்கே கூப்பிட்டாலும் ஒரே பதில்தான்.

“நான் வரேல்லப் பிள்ளை. நீங்கள் போட்டு வாங்கோ. வந்து சொல்லுங்கோ.”

நாங்களும் போய்வந்து சொல்வோம். கலியாணப் பொம்பிளைக்கு என்ன நிறச் சாறி, பாயாசத்தில் கஜு கிடந்ததா, யார் யாரோடு கதைக்காமல் முகத்தைத் திருப்பினார்கள் என்று எல்லாம் சொல்வோம். மாமி கேட்டுவிட்டு “நல்லது” என்பார். எனக்கு அந்த “நல்லது” பிடிக்கவில்லை. கலியாண வீட்டில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து காதுக்குள் ஊர்வம்பு கதைப்பதுதான் மாமிக்கும் எனக்கும் இருந்த ஒரே பொதுப் பொழுதுபோக்கு. அவர் வராத கலியாணங்களில் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. (இறங்கியது. ருசிக்கவில்லை.)

அந்த வருடம் ஆவணியில் கொட்டாஞ்சேனையில் கலியாணம். பொம்பிளை மாமியின் சொந்தத் தங்கையின் மகள். அதற்கும் மாமி, “போட்டு வந்து சொல்லுங்கோ” என்றபோதுதான் நான் தீர்மானித்தேன். படி பதிந்த, இடவசதியான ஒரு பழைய வான் வாங்குவது. மாமி முன் சீற்றில், பின்னால் நாங்கள், எல்லோரும் ஒன்றாகப் போய் இறங்குவது.

அது வாகன இறக்குமதி நின்றிருந்த காலம். வயது போனால் மனிதருக்கு மதிப்புக் குறையும், வாகனத்துக்குக் கூடும் என்று நாடே கண்டுகொண்ட காலம். எங்கள் கையிருப்புக்கு வந்த வான்கள் எல்லாம் என்னைவிட மூத்தவை. கல்கிசையில் ஒன்று பார்த்தோம். அதன் பக்கக் கதவைத் திறக்க ஓர் ஆள் உள்ளே படுத்து உதைக்க வேண்டும். கொட்டாஞ்சேனையில் ஒன்று பார்த்தோம். ஏசி போட்டதும் கருவாட்டு மணம். “அது நாளடைவில பழகிடும்” என்றார் உரிமையாளர். எங்களுக்குப் பழகும் என்றாரா, வானுக்கு என்றாரா தெரியவில்லை.

பிறகுதான் நுகேகொடை வான் வந்தது. வெள்ளை நிறம், எட்டு சீற், ஒரே கை பாவித்தது, ஜன்னலுக்கு மாம்பழ நிறத் திரைச்சீலை. படத்தைப் பார்த்த உடனேயே இதுதான் எங்கட வான் என்று எனக்கு விளங்கிவிட்டது. (எனக்கு விளங்கும் விஷயங்கள் எல்லாம் இப்படி உடனேதான் விளங்கும். விளங்காதவைக்குத்தான் காலம் எடுக்கும்.)

தொலைபேசியில் பேசினேன். உரிமையாளர் சோமதாச என்ற ஓய்வு பெற்ற நில அளவையாளர். சொன்ன விலை எங்கள் கைக்குச் சற்று எட்டாத உயரத்தில் இருந்தது. “வந்து பாருங்கள், நேரில் கதைப்போம்” என்று சிங்களத்தில் அன்பாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை என்று ஒழுங்காயிற்று.

சனிக்கிழமை மாமி நாட்காட்டியைப் பார்த்துவிட்டு ஒரு குண்டைப் போட்டார்.

“பிள்ளை, நாளைக்குத்தான் ஆனி கடைசி. நாளண்டைக்கு ஆடி பிறக்குது. ஆடிக்குள்ள வாகனம் எடுக்கேலாது.”

“அப்ப ஆவணியில எடுப்பம்” என்றார் ரவி. இவர் எதையும் பின்போட ஒரு காரணம் கிடைத்தால் மலர்ந்துவிடுவார்.

“ஆவணி பிறந்த கையோட கலியாணம். அதுக்குள்ள எப்பிடி எடுக்கிறது? விடுங்கோ, நான் வீட்டில நிக்கிறன்” என்றார் மாமி.

அந்த நேரத்தில்தான் என் மூளையில் அந்த யோசனை உதித்தது. ஞாயிற்றுக்கிழமை வங்கி இல்லை, பெயர் மாற்ற முடியாது. ஆனால் பூசைக்கு வங்கி வேண்டாமே! வானைச் சும்மா ஓடிப்பார்ப்பதாகச் சொல்லி வெள்ளவத்தைக்குக் கொண்டுவருவது. ஆனி முடிவதற்குள் பிள்ளையார் கோயில் வாசலில் பூசையைச் செய்துவிடுவது. பூசை செய்தால் வாகனம் எடுத்ததாகத்தானே கணக்கு? காசும் கடதாசியும் ஆடியில் ஆறுதலாக நடக்கட்டும்.

“வாங்காத சாமானுக்குப் பூசையோ? விசரே உமக்கு?” என்றார் ரவி.

“நிச்சயதார்த்தம் செய்யிறேல்லையே? அது மாதிரி” என்றேன்.

மாமி நாட்காட்டியை இன்னொரு தடவை பார்த்தார். “அதில பிழை இல்லை” என்றார். அன்று பின்னேரமே நான் சந்தைக்குப் போய் சில்லுக்கு ஒன்றாக நசுக்க நாலு தேசிக்காய், ஒரு தேங்காய், கற்பூரம் எல்லாம் வாங்கி ஒரு பையில் வைத்துவிட்டேன். இவ்வளவு முன்யோசனை உள்ள மருமகள் யாருக்குக் கிடைக்கும் என்று எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். நான் இன்னொன்றும் யோசித்தேன். இரண்டு பேர் ஏறி ஓடிப்பார்த்தால் வானின் உண்மையான குணம் தெரியாது. முழுப் பாரத்தோடு இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்து, “ஏற்றத்தில மூச்சு வாங்குது, அங்கிள்” என்று சொல்லி விலையைக் குறைக்க வேண்டும். ஆகவே ரவி, நான், மாமி, எங்கள் இரண்டு மகள்மார், கிருலப்பனையில் இருக்கும் மாமியின் தம்பி சின்னமாமா, அவருடைய மனைவி சின்னமாமி என்று ஏழு பேர் சேர்ந்தோம். பட்டுப் போட்டுக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, இரண்டு டாக்சியில், பழைய வான் பார்க்கப் புறப்பட்டோம்.

நுகேகொடையில் கேற்றைத் திறந்த சோமதாச அங்கிள் எங்களைக் கண்டதும் ஓரடி பின்வாங்கினார். பிறகு சமாளித்துக்கொண்டு, “எண்ண, எண்ண”, வாருங்கள் வாருங்கள் என்று எல்லோரையும் உள்ளே அழைத்தார். அவருடைய மனைவி குசும் அன்ரி அவசரமாக ஏழு கப் தேத்தண்ணீர் ஊற்றினார். விறாந்தைச் சுவரில் மூன்று பிள்ளைகளின் படம். மூன்று பேரும் மெல்பேர்னில். அந்தப் பெரிய வீட்டில் இப்போது இவர்கள் இரண்டு பேர்தான். வான் கிழமைக்கு ஒரு முறை மரக்கறி வாங்கப் போகிறதாம். “எட்டு சீற்றில் ஒரு பூசணிக்காய் வருகிறது, என்ன பிரயோசனம்?” என்று அங்கிள் சிரித்தார். அதனால்தான் விற்கிறார்.

இந்த இடத்தில் மூளை உள்ள ஒருத்தி ஏதாவது விளங்கிக்கொண்டிருப்பாள். நான் வானின் ரயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்னமாமா பொனற்றைத் திறக்கச் சொல்லி உள்ளே குனிந்து, “ம்ம்…” என்றார். எங்கள் பரம்பரையில் எஞ்சினைப் பற்றிச் சொல்லப்பட்ட ஆகப் பெரிய கருத்து அதுதான். அங்கிளும் மரியாதையாகக் குனிந்து, “ம்ம்” என்றார்.

பிறகு மாமி ஏற வேண்டிய நேரம். எல்லோரும் கதையை நிறுத்திவிட்டோம். மாமி முன்கதவைப் பிடித்துக்கொண்டு படியைப் பார்த்தார். நான் நினைத்த அளவுக்கு அது பதிவாக இல்லை. மாமியின் முகம் ஆட்டோவில் நின்ற அன்றைய முகமாக மாறத் தொடங்கியது. அப்போது அங்கிள் சீற்றுக்கு அடியில் கையை விட்டு ஒரு சின்ன மரப்படியை எடுத்து நிலத்தில் வைத்தார். அவருடைய தாயார் ஏறுவதற்காக அவரே செய்ததாம். மாமி அதில் ஒரு கால் வைத்தார், மற்றக் காலையும் வைத்தார், தானாகவே ஏறி அமர்ந்தார். யாரும் தள்ளவில்லை.

“கால் நோகேல்லப் பிள்ளை” என்றார் என்னைப் பார்த்து.

குறை சொல்லி விலை குறைக்க வந்தவள் நான். அந்த நிமிடத்தில் கேட்டிருந்தால் கேட்ட விலையோடு என் காப்பையும் கழற்றிக் கொடுத்திருப்பேன்.

ரவி ஓட்ட, மாமி முன்னால், எங்களோடு அங்கிளும் நடுவரிசையில் ஏறிக்கொண்டார். எட்டு சீற்றும் நிறைந்தது. வான் புறப்பட்டு மூலை திரும்புவதற்குள் பின்வரிசையில் மகள்மார் இருவரும் ஜன்னல்பக்கத்துக்குச் சண்டை பிடித்தார்கள். சின்னமாமி பையில் இருந்து தட்டை வடையை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். அங்கிளுக்கும் இரண்டு. மாமி முன்னால் இருந்து, “ரவி, மெதுவா! ரவி, சைக்கிள்! ரவி, நாய்!” என்று வழி நடத்தினார். சின்னமாமா பழைய பாட்டு ஒன்றை மூக்கால் பாடினார். அங்கிள் வடையைக் கடித்தபடி பின்னால் திரும்பிப் பிள்ளைகளின் சண்டையையே பார்த்துக்கொண்டு வந்தார். அந்த ஜன்னலுக்கு அவருடைய பிள்ளைகளும் இப்படித்தான் அடிபடுவார்களாம். மகன் கிரிக்கெட் மட்டையால் அடித்த நெளிவு இன்னும் கதவில் இருக்கிறதென்று தொட்டுக் காட்டினார். நான் அதை விலை குறைக்கக் கிடைத்த ஒரு குறையாக மனதில் குறித்துக்கொண்டேன். அப்படி ஒரு கல்நெஞ்சம்!

கிருலப்பனை தாண்டியதும் என் உடைந்த சிங்களத்தில், “அங்கிள், கோயிலுக்கு ஒருக்கால் போய்விட்டு வருவோமா?” என்று கேட்டேன். பூசையைப் பற்றி மூச்சு விடவில்லை. “ஹொந்தாய், யமு” என்றார். நல்லது, போவோம் என்று. தானும் சாமி கும்பிட்டு நாளாயிற்றாம். கொழும்பில் கோயிலுக்கு வராத சிங்களவர் யார்?

கோயில் வாசலில் வானை நிறுத்தினோம். மாமியைக் கூட்டிக்கொண்டு சின்னமாமியும் பிள்ளைகளும் உள்ளே போனார்கள். சின்னமாமா செருப்பைக் காவல் காக்க நின்றார். பையைத் திறந்து பார்த்த எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது, மாலை வாங்கவில்லை. (முன்யோசனை உள்ள மருமகள்!) ஐயரிடம் வாகனப் பூசை என்று சொல்லி, தேசிக்காய்ப் பையையும் கொடுத்துவிட்டு, மாலை வாங்க எதிர்ப்பக்கம் ஓடினேன். வான் அருகில் நின்றது ரவியும் அங்கிளும் மட்டும்தான்.

பூக்கடையில் சனம். மாலையோடு நான் திரும்பி வரும்போது வானின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் துலங்கின. ஐயர் கற்பூரத் தட்டோடு உரத்த குரலில் சங்கற்பம் சொல்லிக்கொண்டிருந்தார். காதைக் கொடுத்துக் கேட்டேன். “ரோகிணி நட்சத்திரே… சோமதாச நாமதேயஸ்ய…” என்று கேட்டது.

எங்கள் வீட்டில் ரோகிணி நட்சத்திரம் ஒருவரும் இல்லை. சோமதாச என்று நிச்சயமாக ஒருவரும் இல்லை.

வானுக்கு முன்னால் அங்கிள் கண்களை மூடிக் கைகூப்பி நின்றார். பக்கத்தில் ரவி அதைவிடப் பணிவாக நின்றார்.

“என்னப்பா இது?” என்று அவருடைய காதுக்குள் சீறினேன்.

“ஐயர் வான் ஆற்ற எண்டு சிங்களத்திலயும் தமிழிலயும் கேட்டவர். அங்கிள் ‘மகே’, என்ர எண்டு கையை உயர்த்தினார். பேர் கேட்டவர், சொன்னார். நெகத்த, அதுதான் நட்சத்திரம், கேட்டவர், அதையும் சொன்னார்.”

“நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையோ?”

“நான் என்னத்தைச் சொல்ல? அவற்ற வான்தானே.”

இத்தனை வருடத் தாம்பத்தியத்தில் என் கணவர் சொன்ன ஒரே சரியான பதில் அதுதான். அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

மாலையை ஐயர் என் கையில் இருந்து வாங்கி வானுக்குப் போட்டார். நாலு சில்லுக்கும் கீழே என்னுடைய நாலு தேசிக்காய்களையும் வைத்தார். பிறகு, “வாகனச் சொந்தக்காரர் ஏறி எடுக்கட்டும்” என்றார். சொந்தக்காரர் ஏறினார். உள்ளே இருந்து வந்த மாமியும் பிள்ளைகளும் சின்னமாமியும் நடந்தது ஒன்றும் தெரியாமல் வாசலில் வரிசையாக நின்று கைதட்ட, அங்கிள் மெதுவாக வானை முன்னால் எடுத்தார். சடக், சடக் என்று தேசிக்காய்கள் நசுங்கின. ஐயர் உடைத்த தேங்காய் இரண்டாகப் பிளந்தது. மூத்தவள் “ஹேய்!” என்று துள்ளினாள். அந்த அரிய தருணத்தைச் சின்னமாமி படம் எடுத்தார்.

அதற்குப் பிறகு ஓட்டுநர் இருக்கையில் இருந்து அங்கிள் இறங்கவே இல்லை. எங்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு அவரே ஃபிளாட் வாசல்வரை வந்தார். வழியெல்லாம் கண்ணாடியில் பின்னால் பார்த்தபடியே வந்தார். நான் இதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன். மனிதர் இளகிவிட்டார், இதுதான் நேரம்! எல்லோரும் இறங்கியதும் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது, கதவில் நெளிவு இருக்கிறது, திரைச்சீலை வெளிறிவிட்டது…

அங்கிள் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். பிறகு, “வான் எக்க பிருணா, துவே” என்றார். வான் நிறைந்துவிட்டது, மகளே என்று. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் அது நிறைந்ததாம். தன் பெயரில் பூசையும் நடந்துவிட்டதாம். இனி இதை விற்பது சரியில்லையாம். மன்னித்துக்கொள்ளச் சொன்னார். மாமி இறங்கிய மரப்படியைத் துடைத்து சீற்றுக்கு அடியில் வைத்தார். மாலையும் பொட்டுமாக எங்கட வான் நுகேகொடைக்குத் திரும்பிப் போய்விட்டது.

நடந்ததைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு மனிதர் வானை விற்க இருந்தார். நான் பாடுபட்டு ஏழு பேரைச் சேர்த்து, பட்டுடுத்தி, வடை கொடுத்து, தேசிக்காய் வாங்கி, அர்ச்சனை செய்வித்து, அவர் அதை விற்காமல் இருப்பதற்கு வேண்டிய எல்லாவற்றையும் செய்து கொடுத்திருக்கிறேன்.

இது பாதிதான். மீதிப் பாதி சின்னமாமியின் கைப்பேசியில் இருந்தது. கோயில் வாசலில் எடுத்த படத்தை அவர் அங்கேயே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். “வதனியின் புது வான். பிள்ளையார் துணை.” (வதனி நான்தான்.) நாங்கள் லிஃப்டில் ஏறி வீட்டுக் கதவைத் திறப்பதற்குள் டொரொண்டோ வாழ்த்தியது, லண்டன் வாழ்த்தியது. சுவிசில் இருந்து ஒரு மச்சாள், அடுத்த லீவுக்கு வந்தால் கதிர்காமம் போக இனி வாடகை வான் தேவையில்லை என்று எழுதியிருந்தாள். இரண்டாம் மாடி அன்ரி கதவைத் தட்டி, “புது வான் எண்டீனம், இனிப்பு எங்க?” என்று கேட்டார். நான் இருந்த லட்டைக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

அழைப்பு ஒன்று கொட்டாஞ்சேனையில் இருந்தும் வந்தது. மாமியின் தங்கை. எடுத்தது மாமி, வழக்கம்போல ஸ்பீக்கரில்.

“அக்கா, படம் பாத்தனான். நல்ல இடவசதியான வான். அப்ப பொம்பிளையை மண்டபத்துக்கு உங்கட வானிலயே கூட்டிக்கொண்டு போவம், என்ன? காரெண்டால் சாறி கசங்கிப்போடும். நீங்கள் முன்னுக்கு இருந்து வாங்கோ.”

நான் கையைக் காலை ஆட்டினேன். வேண்டாம், வேண்டாம் என்று வாயசைத்தேன். மாமி என்னைப் பார்த்தார். முன்னுக்கு இருந்து வரச் சொல்லி ஒருவர் கூப்பிட்டு எவ்வளவு நாள்! அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்குக் கை ஆடவில்லை.

“ஓம், எங்கட வான் வரும்” என்றார் மாமி.

போனை வைத்த பிறகுதான் அவருக்கே விளங்கியது. கதிரையில் இருந்துவிட்டார். “ஐயோ பிள்ளை, வாய் தவறிப்போச்சு. சொந்தச் சகோதரத்துக்குப் பொய் சொல்லிப்போட்டன்.”

வேறு வான் வாங்கலாமென்றால் ஆடி பிறக்கிறது. வாடகைக்கு ஒன்று பிடிக்கலாமென்றால் படம் உலகம் முழுக்கப் போய்விட்டது. மாம்பழ நிறத் திரைச்சீலையோடு இன்னொன்றை எங்கே தேடுவது? உண்மையைச் சொல்லலாமென்றால், மாமி அந்தக் கலியாணத்துக்கு மட்டுமல்ல, இனி எந்தக் கலியாணத்துக்கும் வர மாட்டார். எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். இவ்வளவும் என் யோசனையால் வந்த வினை.

அடுத்த சனிக்கிழமை நான் தனியாக நுகேகொடைக்கு பஸ் ஏறினேன். வழி முழுக்கச் சிங்களத்தில் வசனம் அமைத்துக்கொண்டு போனேன். கேற்றைத் திறந்ததும் அமைத்த வசனம் எல்லாம் மறந்துவிட்டது. விறாந்தையில் இருந்துகொண்டு, தேசிக்காயை முதல் நாளே வாங்கியதில் இருந்து தொடங்கி எல்லாவற்றையும் கலப்பு மொழியில் ஒப்புவித்தேன். அங்கிளை ஏமாற்றிப் பூசை செய்ய வந்ததையும் சொன்னேன். நடுவில் அழுகையும் வந்தது. வெட்கத்தில் வந்த அழுகைதான்.

அங்கிளும் அன்ரியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு குசும் அன்ரி சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். அங்கிள் மட்டும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். கலியாணத்துக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும்?

கலியாணத்தன்று விடிய அங்கிள் கோட் சூட்டில் வந்து இறங்கினார். வான் கழுவிப் பளபளத்தது. திரைச்சீலைகூடப் புதிது, அதே மாம்பழ நிறத்தில். குசும் அன்ரி கண்டியச் சேலையில், கையில் ஒரு பெட்டி பால் டொஃபியோடு. அங்கிள் மரப்படியை எடுத்து வைத்தார். மாமி கத்தரிப்பூ நிறப் பட்டில், ஒருவர் கையையும் பிடிக்காமல் ஏறினார். காலி வீதியால் கோட்டை தாண்டி, புறக்கோட்டை நெரிசலுக்குள்ளால் கொட்டாஞ்சேனைவரை மாமி அங்கிளுக்கு வழி நடத்தினார். “அண்ணே, மெதுவா! அண்ணே, லொறி!” அங்கிள், “ஹரி, ஹரி”, சரி சரி என்று எல்லாவற்றுக்கும் கீழ்ப்படிந்தார்.

பொம்பிளையை வீட்டில் இருந்து ஏற்றி, சாறி ஒரு மடிப்புக் கசங்காமல் மண்டபத்தில் இறக்கியாயிற்று. நான் மூச்சு விட்டேன். விட்ட மூச்சு முடியும் முன் மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் ஒரு சாப்பாட்டுப் பார்சலோடு வந்து, “வான் டிரைவருக்கு” என்று அங்கிளிடம் நீட்டினார். அங்கிளும் கோட் சூட்டோடு அதை வாங்கக் கையை நீட்டிவிட்டார்.

“டிரைவரோ!” என்று மாமி வாசலில் இருந்து குரல் கொடுத்தார். மண்டபத்துக்குள் போன அரைவாசிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். “அவர் டிரைவர் இல்லை. அவர்தான் எங்கட வான்ர சொந்தக்காரர்!”

சனம் ஒரு கணம் யோசித்தது. எங்கட வான் என்றால் எப்படி அவர் சொந்தக்காரர்? தங்கை மாமியைப் பார்த்தார், மாமி என்னைப் பார்த்தார், நான் நிலத்தைப் பார்த்தேன். பிறகு தங்கைக்கு விஷயம் மெல்ல மெல்ல உறைத்தது. உறைத்ததும், தாலி கட்டும் கலியாணம் என்றும் பாராமல் வாயைப் பொத்திக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் நாதஸ்வரக்காரரே எட்டிப் பார்த்தார். சாப்பாட்டு நேரத்துக்குள் கதை டொரொண்டோவுக்குப் போய்விட்டது. எங்கள் ஆட்கள் அவ்வளவு வேகம்.

அங்கிளும் அன்ரியும் முன்வரிசையில் இருத்தப்பட்டார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் மாமி, மாமிக்குப் பக்கத்தில் நான். மாப்பிள்ளையின் பெரியம்மா போட்டிருந்த சங்கிலியைப் பற்றி மாமி என் காதுக்குள் ஒன்று சொன்னார். அதை இங்கே எழுத முடியாது. பாயாசத்தில் கஜு கிடந்தது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு ருசித்தது.

அதன் பிறகு நாங்கள் ஒரு சின்னக் கார் வாங்கினோம். இந்த முறை காசு கொடுத்து, கடதாசி எழுதி, பெயர் மாற்றி, எல்லாம் முடிந்த பிறகுதான் தேசிக்காய் வாங்க என்னை விட்டார்கள். அதையும் ரவிதான் வாங்கினார். மாமி மருந்துக்குப் போவது அதில். ஆனால் குடும்பமாக எங்காவது போவதென்றால் நுகேகொடைக்கு ஒரு அழைப்பு எடுத்தால் போதும். எட்டு சீற்றையும் நாங்கள் நிரப்ப வேண்டும், அதுதான் அங்கிளின் ஒரே நிபந்தனை. ஆள் குறைந்தால் இரண்டாம் மாடி அன்ரியையும் ஏற்றிக்கொண்டு போகிறோம். ஒவ்வொரு ஆனிக் கடைசியிலும் வான் கோயில் வாசலுக்கு வரும். ஐயர் இப்போது பெயரும் நட்சத்திரமும் கேட்பதில்லை.

மாமி இன்றும் அதை “எங்கட வான்” என்றுதான் சொல்கிறார். “எங்கட வான் நுகேகொடையில நிக்குது” என்பது எங்கள் வீட்டில் ஒரு பழமொழியாகவே ஆகிவிட்டது. கைக்கு வராததை வந்ததாக யார் நினைத்தாலும் அதைத்தான் சொல்வோம். ரவி பதவி உயர்வு நிச்சயம் என்று வந்து சொன்னபோது மூத்தவள், “நுகேகொடையில நிக்குதோ அப்பா?” என்று கேட்டாள். அங்கேதான் நின்றது. கணக்கில் தொண்ணூறுக்கு மேலே வரும் என்று இளையவள் சொன்னதும், அவளே பிறகு குரலைத் தாழ்த்தி, “இப்ப நுகேகொடையில நிக்குது” என்று சேர்த்துக்கொண்டாள்.

நேற்று இந்தக் கட்டுரையை எழுதி முடித்து மாமிக்கு வாசித்துக் காட்டினேன். தன்னுடைய கத்தரிப்பூப் பட்டு வரும் இடத்தை மட்டும் இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார்.

“நல்லா இருக்குப் பிள்ளை. பேப்பரில போடுவினமோ?”

“கட்டாயம் போடுவினம், மாமி” என்றேன். “ஒரு இருபது பிரதி வாங்கி எல்லாருக்கும் குடுப்பம்.”

மாமி எழுந்தார். சமையலறைக்குள் போனார். ஒரு தேசிக்காயைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.